துருவ நிலையத்தில் முதல் பருவம்: புதிதாகச் செல்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அண்டார்க்டிகாவில் வாகனப் பணிமனை மெக்கானிக்காக நான்கு கோடைப் பருவங்களும் ஒரு குளிர்காலமும் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே வேலை உறுதியானவர்கள் புறப்படுவதற்கு முன் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் பருவத்தின் பாதியில் மனம் உடைந்து ஊர் திரும்பியவர்களில், குளிர் தாங்காமல் திரும்பிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. தூக்கம் கெட்டது, அறைத்தோழரோடு பேச்சு நின்றது, வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது, இப்படித்தான் காரணங்கள் இருந்தன. அதனால் என் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும்.

நான் விஞ்ஞானி இல்லை. எனக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்?

பெரிய நிலையங்களில் விஞ்ஞானிகளைவிட மற்றவர்களே எண்ணிக்கையில் அதிகம். ரோஸ் தீவில் உள்ள மெக்மர்டோ, அண்டார்க்டிகாவிலேயே பெரிய நிலையம். கோடை உச்சத்தில் அங்கே ஆயிரம் பேர் வரை தங்குவார்கள். அது ஒரு சிறு ஊர். ஊருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனைக்கும் ஆள் வேண்டும். சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், வெல்டர், எரிபொருள் நிரப்புபவர், சரக்கு ஏற்றி இறக்குபவர், குப்பை தரம் பிரிப்பவர், தீயணைப்பு வீரர், செவிலியர், கட்டடம் துடைப்பவர் எனப் பட்டியல் நீளும்.

கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தொழில் எதுவும் கையில் இல்லாதவர்களுக்குச் சமையலறை வேலையே வாசல். பாத்திரம் கழுவும் வேலைதானே என்று தயங்கி விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். நிலையத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரு நாளில் மூன்று முறை கடந்து போகிற ஒரே இடம் அதுதான். பனிப்பாறை ஆய்வாளர்களோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் எல்லாம், சமையலறையில் இருந்த நண்பர் அறிமுகப்படுத்தி வைத்தது.

பருவம் என்பது எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை?

அண்டார்க்டிகாவில் கோடைப் பருவம் பொதுவாக அக்டோபரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். ஆர்க்டிக் பகுதியில் இதற்கு நேர்மாறு.

தென்துருவத்தின் மையத்திலேயே அமைந்திருக்கும் அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்துக்கு, பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பினால் அடுத்தது அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோதான் வரும். வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் விமானத்தின் எரிபொருளும் ஹைட்ராலிக் எண்ணெயும் கெட்டிப்படத் தொடங்கும். தரையிறங்கிய விமானம் மறுபடி எழும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே ஒப்பந்தத்தில் கோடை என்று எழுதியிருக்கிறதா, குளிர்காலம் என்று எழுதியிருக்கிறதா என்பதை இரண்டு முறை படித்துக் கையெழுத்திடுங்கள்.

மருத்துவப் பரிசோதனை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? பல்லைக்கூடப் படம் எடுக்கச் சொல்கிறார்களே?

ஏனென்றால் அங்கே இருப்பது ஒரு சிறிய மருத்துவமனை, ஓரிரு மருத்துவர்கள், அவ்வளவுதான். ஊரில் அரை நாள் விடுப்பில் முடிகிற ஒரு பல்வலி, அங்கே பல டன் எரிபொருளையும் ஒரு விமானக் குழுவின் உயிரையும் பணயம் வைக்கும் விஷயமாகிவிடும். 2016 ஜூனில் தென்துருவ நிலையத்தில் நோயுற்ற இருவரை அழைத்து வர, நடுக்குளிர்கால இருட்டில் ட்வின் ஓட்டர் என்ற சிறு விமானங்கள் அனுப்பப்பட்டன. வெற்றிகரமாக முடிந்த அந்தப் பயணத்தை இன்றும் வியந்து பேசுகிறார்கள் என்றால், அது எவ்வளவு அரிது என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு நிகழ்ச்சியை நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்வதுண்டு. 1961 ஏப்ரல் 30 அன்று, சோவியத் யூனியனின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருந்த ஒரே மருத்துவரான லியோனித் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி. வயது 27. வெளியே பனிப்புயல். வயிற்றை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போட்டுக்கொண்டு, தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் வானிலை ஆய்வாளர். கண்ணாடியைப் பிடித்துக் காட்டியவர் வாகன ஓட்டுநர். இரண்டு வாரத்தில் ரோகசோவ் வேலைக்குத் திரும்பினார். என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் அன்று அந்தக் கண்ணாடியை நடுங்காமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மறப்பதே இல்லை. நிலையத்தில் வேலைக்குச் சேர்வது என்றால் அந்தக் கண்ணாடியைப் பிடிக்கவும் சம்மதித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆகவே சொத்தைப் பல், ஞானப்பல், பித்தப்பைக் கல், பழைய முழங்கால் வலி எதையும் மறைக்காதீர்கள். குளிர்காலம் தங்குபவர்களுக்கு உளவியல் பரிசோதனையும் இருக்கும். அதில் நல்ல பதில் எது என்று யோசிக்க வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

கனமான குளிர் உடைகளைப் பெரும்பாலும் அவர்களே தந்துவிடுவார்கள். மெக்மர்டோவுக்கும் தென்துருவத்துக்கும் அமெரிக்கத் திட்டத்தின் வழியாகச் செல்பவர்கள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் உள்ள கிடங்கில் உடை வாங்கிக்கொள்வார்கள். அங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். கையுறை போட்ட கையோடு ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். தடித்த காலுறையோடு பூட்ஸுக்குள் கால்விரல்களை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். அசைக்க முடியாவிட்டால் இரத்த ஓட்டம் குறையும், கால் விரைவில் குளிர்ந்துவிடும். ஜிப் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சாண் கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே போனபின் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

நீங்கள் கொண்டு போக வேண்டியவை சிறியவை. உள்கையுறை நான்கைந்து ஜோடி, உதட்டுக்குத் தடவும் களிம்பு, கைக்கு நல்ல கொழுப்புள்ள கிரீம், கண்ணை மறைக்கும் பட்டை, காதடைப்பான், அறைக்குள் போட மென்மையான செருப்பு, மாற்று மூக்குக்கண்ணாடி, பருவம் முழுவதற்கும் போதுமான உங்கள் மருந்துகள். படங்களும் பாட்டும் புத்தகங்களும் நிரப்பிய ஒரு ஹார்ட் டிஸ்க். வீட்டாரின் புகைப்படம் காகிதத்தில் அச்சிட்டதாக இருக்கட்டும். வாத்தியம் வாசிக்கத் தெரிந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சீக்கிரம் நண்பர்களைத் தருவது வேறொன்றில்லை.

புறப்படுமுன் பைகளையும் காலணிகளையும் நன்றாகத் துடையுங்கள். காலணி ஒட்டுப்பட்டைகளிலும் காலுறைகளிலும் விதைகள் ஒட்டிக்கொண்டு வரும். அதைச் சோதிப்பார்கள், சில இடங்களில் வாக்குவம் போட்டு உறிஞ்சியும் எடுப்பார்கள். இது வெறும் சடங்கில்லை. கிங் ஜார்ஜ் தீவில், மனிதர்களோடு வந்த ஒருவகைப் புல் ஒரு நிலையத்தைச் சுற்றி வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கி ஒழிக்கப் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

விமானம் பாதி வழியில் திரும்பிவிடும் என்கிறார்களே?

ஆம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மெக்மர்டோவுக்கு சி-17 விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம், சக்கரத்தோடு பனிச்சறுக்குப் பட்டையும் பொருத்திய எல்.சி-130 விமானத்தில் எட்டு மணி நேரம். இறங்குமிடத்தில் மூடுபனி சூழ்ந்தால் விமானி திரும்பிவிடுவார். மறுநாள் மறுபடி அதிகாலையில் எழுந்து, அதே உடைகளை அணிந்து, அதே வரிசையில் நிற்க வேண்டும். கைப்பையில் மூன்று நாளுக்கான உள்ளாடையும் மருந்தும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி உங்கள் கையில் கிடைக்காது.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

உடம்புக்குக் கஷ்டமான வாரம் அதுதான். மனத்துக்கு அது உற்சாகமான வாரம். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

முதலில் வறட்சி. அண்டார்க்டிகா ஒரு பாலைவனம். காற்றில் ஈரமே இல்லை. மூன்றாம் நாளில் மூக்கில் இரத்தம் கசியும், விரல் நுனிகள் வெடிக்கும், இரவில் தொண்டை காய்ந்து விழித்துக்கொள்வீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். படுக்குமுன் ஈரத் துண்டு ஒன்றைக் கட்டிலருகே தொங்கவிடுங்கள். காலையில் அது முறுகக் காய்ந்திருக்கும். அந்த ஈரம் முழுதும் அறைக்குள்தான் போயிருக்கும்.

இதே வறட்சியால் உடம்பில் மின்னேற்றம் சேரும். கதவுப்பிடியைத் தொட்டால் ஊசி குத்தியதுபோல் சுளீரென்று அடிக்கும். கணினியைத் தொடுவதற்கு முன்னும், முக்கியமாக எரிபொருள் நிரப்பும் இடத்துக்குப் போவதற்கு முன்னும், அருகிலுள்ள உலோகத்தைத் தொட்டு அந்த மின்னேற்றத்தை இறக்கிவிடும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

தென்துருவ நிலையத்துக்குச் செல்பவர்களுக்கு உயரமும் சேர்ந்துகொள்ளும். அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் 2,835 மீட்டர். துருவத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், உடம்பு 3,000 மீட்டருக்கும் மேலே இருப்பதாகவே உணரும். விமானத்தில் சில மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடுவார்கள். தலைவலி, குமட்டல், படியேறினால் மூச்சிரைப்பு எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள் பாரம் தூக்க வேண்டாம் என்று சொல்வார்கள். அதைக் கேளுங்கள். நான் திடமானவன் என்று காட்ட நினைப்பவர்கள்தான் மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருப்பார்கள்.

அடுத்தது வெளிச்சம். மெக்மர்டோவில் அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் நிழல் விழும். அதைப் பார்க்கும் ஆவலில் முதல் சில நாட்கள் யாரும் தூங்குவதில்லை. அங்கேதான் தவறு நடக்கிறது. ஜன்னலை அட்டையாலோ கம்பளியாலோ முற்றிலும் மறையுங்கள். வேலை முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அறைக்குள் வந்துவிடுங்கள். இருட்டு தானாக வராது, நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

சரி, குளிர் உண்மையில் எப்படி? தாங்க முடியுமா?

இடத்தைப் பொறுத்தது. மெக்மர்டோவில் ஜனவரி சராசரி மைனஸ் 3 டிகிரி அளவில்தான் இருக்கும். தென்துருவத்தில் ஆண்டு சராசரியே மைனஸ் 49. அங்கே பதிவான மிகக் குறைந்த அளவு, 1982 ஜூன் 23 அன்று மைனஸ் 82.8. கோடையில் போகிறவர் இதையெல்லாம் காண மாட்டார்.

காற்றுதான் முக்கியம். காற்றில்லாத மைனஸ் 20-இல் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு வேலை செய்திருக்கிறேன். காற்று வீசும் மைனஸ் 10-இல் கன்னம் மரத்துப் போயிருக்கிறது. அடுக்கடுக்காக உடுத்துங்கள். வியர்க்கத் தொடங்குமுன் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். வியர்வை நனைந்த உடைதான் பிறகு உங்களை நடுங்க வைக்கும். பருத்தி உள்ளாடை வேண்டாம், கம்பளியே நல்லது. இருவராக வேலை செய்யும்போது ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்கக் கூடாது.

வெறும் கையால் உலோகத்தைத் தொடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். முதல் பருவத்தின் ஒன்பதாம் நாள், ஒரு டிராக்டரின் பேட்டரிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். இரண்டு கையிலும் வேலை. கழற்றிய நட்டை, இருபது ஆண்டுப் பழக்கத்தில், உதட்டில் கவ்விக்கொண்டேன். ஒரு நொடிதான். நட்டு கீழுதட்டோடு ஒட்டிவிட்டது. பிடுங்கப் போன என் கையை, எதிரே நின்ற மூத்த மெக்கானிக் அம்மையார் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் என்னைப் பணிமனைக்குள் அழைத்துப் போய், வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தம்ளரில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நட்டு தானாக விழுந்தது. உதட்டில் ஒரு துண்டுத் தோல் மட்டும் போனது. மறுநாள் காலை என் கருவிப் பெட்டியின் மேல், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு துணிப்பை ஒன்று தைத்து வைக்கப்பட்டிருந்தது, நட்டுகளைப் போட்டுக்கொள்வதற்கு. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

புயல் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். மெக்மர்டோவில் வானிலையை மூன்று நிலைகளாக அறிவிப்பார்கள். மூன்றாம் நிலை வழக்கமான நாள். முதலாம் நிலைதான் மிக மோசம். காற்று மணிக்கு சுமார் 100 கி.மீ.க்கு மேல் வீசினாலோ, 30 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டாலோ, காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர் மைனஸ் 73 டிகிரிக்குக் கீழே போனாலோ முதலாம் நிலை. அப்போது கட்டடத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது. வேலையிடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே தரையில் படுத்துத் தூங்குவீர்கள். மேசை இழுப்பறையில் பிஸ்கட்டும் மாற்றுக் காலுறையும் வைத்திருப்பது நல்லது.

பனியில் பாதைகளை மூங்கில் கழியில் கட்டிய கொடிகளால் குறித்திருப்பார்கள். சிவப்பும் பச்சையும் பாதுகாப்பான வழி. கறுப்பு அபாயம், அங்கே பனிவெடிப்பு இருக்கலாம். கறுப்புக் கொடிக்கு அப்பால் ஓர் அழகான காட்சி தெரிந்தாலும், அடியெடுத்து வைக்காதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு முறைதான் குளிக்க முடியுமா?

தென்துருவத்தில் அப்படித்தான். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத் தண்ணீர். உடம்பை நனைத்துவிட்டுக் குழாயை மூடி, சோப்புப் போட்டு, பிறகு திறந்தால் அது தாராளமாகப் போதும்.

பனியின் மேலேயே வாழ்ந்தும் தண்ணீருக்கு ஏன் பஞ்சம் என்று கேட்பார்கள். பனியை உருக்க எரிபொருள் வேண்டும், எரிபொருளோ ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி வர வேண்டும். அங்கே பனிக்கு அடியில் ஆழத்தில் வெந்நீரைச் செலுத்தி ஒரு குழியை உருக்கி, அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். கடற்கரை நிலையங்களில் கடல்நீரைச் சுத்திகரிப்பது உண்டு. இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிரியதர்ஷினி என்ற நன்னீர் ஏரி இருக்கிறது. துருவத்தில் அது பெரிய பாக்கியம்.

அறையை இன்னொருவரோடு பகிர வேண்டியிருக்கிறது. எனக்குத் தனிமை பிடிக்கும். எப்படிச் சமாளிப்பது?

பருவம் நன்றாக அமைவதும் அமையாததும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

என் முதல் அறைத்தோழருக்கு இரவு ஷிப்ட். நான் காலை ஆறு மணிக்கு எழுவேன், அவர் அப்போதுதான் படுத்திருப்பார். விளக்கைப் போடுவேன், அலமாரியைத் திறப்பேன், பூட்ஸைத் தேடுவேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என்ன தவறு செய்தேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நானே போய்க் கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம். மறுநாள் முதல் என் உடைகளை முந்தின இரவே பையில் போட்டு நடைபாதையில் வைத்துவிடுவேன். எழுந்ததும் சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அவர் பதிலுக்குச் சனிக்கிழமை மாலைகளில் அறையை எனக்குத் தனியாக விட்டுக்கொடுத்தார். அந்தப் பேச்சு முதல் நாளே நடந்திருந்தால் இரண்டு வாரத் தூக்கம் இருவருக்கும் மிஞ்சியிருக்கும்.

ஆகவே பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எப்போது தூங்குவீர்கள், குறட்டை உண்டா, அலாரம் எத்தனை முறை அடிக்கும், விருந்தினரை அழைக்கலாமா, ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா, வீட்டாரோடு பேசும்போது மற்றவர் வெளியே போக வேண்டுமா. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிடுங்கள்.

தனிமைக்கு இடம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் நூலகம், உடற்பயிற்சிக் கூடம், அனுமதித்த பாதையில் ஒரு நடை. ஒருவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டால் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எழுதப்படாத மரியாதை. நீங்களும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் தொடர்ந்து ஒரு வாரம் தனியாகவே சாப்பிட்டால், யாராவது வந்து எதிரே உட்கார்வார்கள். அவர்களை விரட்டாதீர்கள். அக்கறையால் வருகிறவர்கள் அவர்கள்.

வம்பு பேச வேண்டாம். நேற்றிரவு உணவுக்கூடத்தில் சொன்னது இன்று காலை பணிமனைக்கு வந்திருக்கும். யாரைப் பற்றிச் சொன்னீர்களோ அவர் உங்கள் பக்கத்து ஸ்பானரைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

வேலை நேரம் போக மற்ற வேலைகளும் உண்டா?

உண்டு. அமெரிக்க நிலையங்களில் வாரம் ஆறு நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம். அதற்குமேல் பொதுவிடங்களைத் துடைப்பது, பாத்திரம் கழுவ உதவுவது என முறைவைத்துச் செய்யும் வேலைகள் வரும். ஆஸ்திரேலிய நிலையங்களில் நிலையத் தலைவரும் சமையலறை உதவிக்கு முறை எடுத்துக்கொள்வார். உங்கள் முறை வரும்போது சரியான நேரத்துக்கு வந்து நில்லுங்கள். ஒரு மனிதரைப் பற்றி நிலையம் என்ன நினைக்கிறது என்பது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

சாப்பாடு?

வயிறு நிறையக் கிடைக்கும். உறைய வைத்ததும் டப்பாவில் அடைத்ததும் அதிகம். பச்சைக் காய்கறியும் பழமும் விமானம் வந்தால்தான். ஒரு பழக்கூடை வந்த நாளில் பெரியவர்கள் குழந்தைகளைப்போல வரிசையில் நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள், பின்னால் நிற்பவர் கவனித்துக்கொண்டிருப்பார்.

வீட்டோடு பேச முடியுமா?

முன்பைவிட இப்போது எவ்வளவோ மேல். கடற்கரை நிலையங்கள் சிலவற்றில் ஓரளவு நல்ல இணைய இணைப்பு வந்துவிட்டது. தென்துருவத்தில் நீண்ட காலம், செயற்கைக்கோள் வானில் தெரியும் சில மணி நேரம் மட்டும்தான் இணைப்பு இருந்தது. ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் உள்ள நீ-ஆலசுண்டு என்ற ஆய்வு ஊரில், நுண்ணிய அளவீட்டுக் கருவிகள் பாதிக்கப்படாமல் இருக்க வைஃபையும் புளூடூத்தும் அணைத்தே வைத்திருக்க வேண்டும்.

வீட்டாரிடம் புறப்படுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அழைப்பு வரவில்லை என்றால் ஆபத்து என்று பொருள் இல்லை. இன்னொன்றும் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால் உடனே சொல்ல வேண்டுமா, திரும்பி வந்தபின் சொல்ல வேண்டுமா? கேட்கக் கொடுமையான கேள்வி. ஆனால் கிளம்பி வர விமானம் இல்லாத இடத்தில், அதற்கான பதில் முன்பே தெரிந்திருப்பது இரு தரப்புக்கும் கருணை.

உண்மையில் அங்கே பெரிய ஆபத்து எது?

தீ. பனிக் கண்டத்தில் தீயா என்று வியக்க வேண்டாம். காய்ந்த காற்று, ஓயாத பலத்த காற்று, உறைந்துபோகும் தண்ணீர், கட்டடம் எரிந்தால் ஒதுங்க வேறு இடமில்லை. 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கோமாந்தாந்தே ஃபெராஸ் நிலையம் தீக்கிரையாகி இருவர் உயிரிழந்தார்கள். தீ ஒத்திகை மணி அடித்தால் சலித்துக்கொள்ளாமல் ஓடுங்கள். படுக்கும்போது காலணியும் ஜாக்கெட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பெங்குவினைத் தொடலாமா?

கூடாது. குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது உங்களைப் பார்த்து நடையை மாற்றினாலே நீங்கள் அதிக நெருக்கத்தில் இருக்கிறீர்கள். அதுவாக உங்களை நோக்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள்.

வடதுருவப் பக்கம் கதை வேறு. அங்கே பனிக்கரடி உண்டு. நீ-ஆலசுண்டில் ஊரைத் தாண்டிப் போனால் துப்பாக்கி தெரிந்தவர் உடன் வர வேண்டும். கரடியிடமிருந்து தப்பி யாரும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்பதற்காகக் கதவுகளைப் பூட்டாமல் வைத்திருப்பார்கள்.

குப்பை விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. கொண்டு போனதை வெளியே எடுத்து வர வேண்டும். அதனால் காகிதம், உலோகம், கண்ணாடி, உணவு மிச்சம் எனப் பல பெட்டிகளாகப் பிரிப்பீர்கள். தப்பான பெட்டியில் நீங்கள் போட்ட ஒன்றை, வெளியே குளிரில் நின்று இன்னொருவர் கையால் எடுத்து மாற்ற வேண்டியிருக்கும். அவர் மாலையில் உங்களோடு சாப்பிடுகிறவர்.

பெண்களுக்குப் பாதுகாப்பு எப்படி?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய கேள்வி. 1969 நவம்பரில் ஆறு பெண்கள் கைகோத்து ஒரே அடியில் தென்துருவத்தில் இறங்கினார்கள், யாரும் முதலாவது என்று பேர் வாங்காமல். இன்று எல்லாத் துறைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரும் ஒரு பெண்தான். ஆனால் அமெரிக்க அண்டார்க்டிகத் திட்டத்தில் பாலியல் துன்புறுத்தல் ஒரு தொடர் பிரச்சினை என்று 2022-இல் வெளியான அதிகாரப்பூர்வ அறிக்கையே ஒப்புக்கொண்டது. புகாரை யாரிடம், எந்த எண்ணில் சொல்வது என்பதைப் புறப்படுமுன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரியைத் தாண்டி நேரே சொல்லும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்களுக்கும் சொல்கிறேன்: கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால், பருவம் முடியும்வரை பாதிக்கப்பட்டவர் உங்களையும் குற்றவாளியையும் ஒரே மேசையில் பார்த்தபடி சாப்பிட வேண்டும்.

முதல் முறையே குளிர்காலமும் தங்கலாமா?

என் அறிவுரை: வேண்டாம். ஒரு கோடையை முடித்துவிட்டு யோசியுங்கள்.

தென்துருவத்தில் மார்ச்சில் மறையும் சூரியன் செப்டம்பரில்தான் உதிக்கும். நாற்பது பேர் அளவில் இருப்பார்கள். உடம்பில் தைராய்டு சுரப்பின் சமநிலை மாறும். பேச எடுத்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும், ஓர் அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பீர்கள். ஜெர்மனியின் நோய்மையர் நிலையத்தில் 14 மாதம் தங்கிய ஒன்பது பேரைச் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வு, நினைவாற்றலோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று ஏழு சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்ததைக் காட்டியது. எனக்கு மிகக் கடினமாக இருந்தவை ஜூலையும் ஆகஸ்டும். ஜூன் 21 அன்று நடுக்குளிர்கால விருந்து, எல்லா நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். அது முடிந்த மறுநாள், இன்னும் பாதி இருக்கிறதே என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக இறங்கும்.

என்னைக் காப்பாற்றியது செடி வளர்க்கும் அறை. தென்துருவ நிலையத்தில் மண்ணில்லாமல் கீரையும் தக்காளியும் வளர்க்கும் சிறு அறை ஒன்று இருக்கிறது. பிரகாசமான விளக்கு, ஈரக் காற்று, இலை வாசம். வேலை முடிந்ததும் அதன் கண்ணாடிக்கு முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். யாரும் யாரோடும் பேசுவதில்லை. சில நாள் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம்.

அப்படியிருந்தும் ஏன் தங்குகிறார்கள் என்றால், தென்முனை ஒளிக்கோலம் தலைக்கு மேல் பச்சைத் திரையாக அசைவதை ஒருமுறை பார்த்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்தபின் என்ன ஆகும்?

முதலில் வாசனை. பல மாதம் டீசலும் சமையலும் மட்டுமே மணத்த மூக்குக்கு, விமானக் கதவு திறந்ததும் ஈர மண்ணும் புல்லும் முகத்தில் அறையும். நான் விமான நிலையத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் பெட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். கோடைப் பருவம் முடித்து வருபவர்களுக்கு இருட்டும் நட்சத்திரமும் புதிதாக இருக்கும். குழந்தைகளின் குரலும் நாயின் குரைப்பும் திடுக்கிட வைக்கும்.

கடைகளின் இரைச்சல் சில வாரம் தாங்காது. எத்தனை வகைப் பற்பசை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு வெளியே வந்திருக்கிறேன். வீட்டார் பேசப் பேச உங்கள் கவனம் சிதறும், அவர்கள் வருந்துவார்கள். முன்பே சொல்லி வையுங்கள். இரண்டு வாரம் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். நிலையத்தில் பழகியவர்களோடு தொடர்பை விட்டுவிடாதீர்கள். அந்த வாரங்களில் உங்களை விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்பவர்கள் அவர்கள்தான்.

நீங்கள் மறுபடி போவீர்களா?

இந்த ஆண்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். பரிசோதனையில் கடைவாய்ப் பல் ஒன்றை அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பல் மருத்துவரிடம் போகிறேன்.